துரையின் மோசமான நாள்

அவளை எல்லோரும் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டு வாசலை மிதித்தவள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி கண்ணாடிக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களின் சங்கத்தில், வக்கீலம்மா வாயைத் திறந்தால் நலத்துறை ஆபீசே எழுந்து நிற்கும் என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்காக அவள் நாயாய் அலைந்திருக்கிறாள். கடைசியில் அதுவே அவள் காலைச் சுற்றியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கூடும். டாக்டரும் அப்படி ஒரு பிள்ளைக்கு அப்பாதான், அதனால் வாடகை கிடையாது. பேச வருகிறவர் பல் பிடுங்குகிற நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேச வேண்டும். அதனாலோ என்னவோ எல்லோரும் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள், வக்கீலம்மாவைத் தவிர.

அங்கே அவள் நடத்தும் பாடம் ஒன்று உண்டு. அதற்கு அவர்களே வைத்த பேர் 'மோசமான நாள்'. சில வருஷத்துக்கு ஒருமுறை ஆபீசிலிருந்து மதிப்பீடு செய்ய வீட்டுக்கு ஆள் வருவார்கள். வந்து உட்கார்ந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அரசாங்கச் செலவில் எவ்வளவு நேரம் உதவியாள் என்பது முடிவாகும். இரட்டைப் பையன்களைப் பெற்ற ஒருத்தி இந்தச் சூட்சுமம் தெரியாமல், ஆள் வருகிற அன்று வீட்டைத் துடைத்து, பையன்களுக்குப் புதுச்சட்டை போட்டு, பொம்மை மாதிரி உட்காரவைத்தாள். 'பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்' என்று சொல்லி உதவியாளைப் பாதி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். பையன்களின் புதுச்சட்டையைப் பார்த்தாலே அவளுக்கு இன்றைக்கும் அழுகை வரும்.

"ஆள் வர்ற அன்னிக்கு வீட்டப் பெருக்காதீங்க," என்பாள் வக்கீலம்மா. "எங்க புள்ள ரொம்ப சமத்துன்னு வாய் தவறிக்கூட சொல்லாதீங்க. அவனுக்குப் பிடிச்சது எதுவும் கைக்கெட்டற மாதிரி இருக்கக் கூடாது. கேட்டா, தினமும் இப்படித்தான்னு சொல்லுங்க. பொய்யா சொல்றோம்? மோசமான நாள் நமக்கு இல்லாமலா இருக்கு? அது அவங்க வர்ற அன்னிக்கு வரமாட்டேங்குது, அவ்வளவுதானே. கூப்பிட்டு உக்கார வெக்கிறோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே மனதில் குறித்துக்கொள்வார்கள்.

அவளுடைய புகழ் ஆபீஸ் வரைக்கும் எட்டியது. போன வருஷம், புதிதாக வேலைக்கு எடுத்த மதிப்பீட்டு அதிகாரிகளுக்குப் பெற்றவர்கள் தரப்பிலிருந்து பேச அவளையே கூப்பிட்டார்கள். இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள்.

"பெத்தவங்க 'நாங்க சமாளிச்சுக்குவோம்'னு சொன்னா நம்பாதீங்க," என்றாள் மைக்கைப் பிடித்து. "வெக்கத்துல சொல்வாங்க, பாசத்துல சொல்வாங்க, புள்ளைய விட்டுக்குடுக்க மனசு வராம சொல்வாங்க. நல்ல நாளப் பாத்து ஏமாந்துடாதீங்க. மோசமான நாள்தான் நெஜம்."

கைதட்டல் பிரமாதம். முன்வரிசையில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் கைதட்டவில்லை, மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடி இடது பக்கம் சற்று இறங்கியிருந்ததை வக்கீலம்மா மேடையிலிருந்தே கவனித்தாள். எழுந்து போய் அதை நிமிர்த்திவிட வேண்டும்போலக் கை பரபரத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எங்களுக்குப் பிறகு யார்?' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்றவளும் அவள்தான். பெற்றவர்கள் கண்ணை மூடிவிட்டால் பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது, அரசாங்கம் ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று நின்றாள். கட்டினார்கள். ஊருக்கு வெளியே, மஞ்சள் பெயின்ட் அடித்து, உயரமான கேட் போட்டு. சங்கத்தின் சார்பில் போய்ப் பார்த்து, "கேட் இன்னும் ஒசரமா இருந்தா நல்லது, எங்க புள்ளைங்க ஏறிக் குதிச்சிடுவாங்க," என்று யோசனை சொல்லிவிட்டு வந்ததும் அவள்தான். உயர்த்திவிட்டார்கள்.

இனி அவள் மகனுக்கு வருவோம். இருபது வயது தாண்டியவன். வீட்டில் துரை என்பார்கள். சிறுவயதிலிருந்தே எல்லாம் அவன் சொன்னபடி நடந்தாக வேண்டும், "துரைக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்று அப்பா கேட்டுக் கேட்டு அதுவே நிலைத்துவிட்டது. துரைக்கு அதிகம் பேச்சு வராது. நீல டம்ளரில்தான் பால் குடிப்பான். ஜன்னலோர நாற்காலியில்தான் உட்காருவான். மற்றபடி அவனால் ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவு இல்லை. காலையிலிருந்து மாலைவரை அவனைப் பார்த்துக்கொள்ள ஆபீஸ் அனுப்பிய உதவியாள் ஒருவர் வருவார். முன்பு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர், அதனால் மாஸ்டர். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நடைப்பயிற்சி போவதைப் பார்த்தால் யார் யாரைக் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

தினமும் காலையில் வக்கீலம்மா கடைக்குக் கிளம்பும்போது துரை கேட் வரைக்கும் வருவான். கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான்.

"சாயங்காலம்?" என்பான்.

"சாயங்காலம்," என்பாள் அவள்.

உடனே கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விடுவான். அந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. ஆபீசில் அவள் ஆயிரம் பொய் சொல்லியிருப்பாள், அவனிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை. ஒருமுறை பஸ் பழுதாகி வர இருட்டிவிட்டது. வந்து பார்த்தால் அப்படியே கேட்டைப் பிடித்தபடி நிற்கிறான், கம்பியின் தடம் உள்ளங்கையில் பதிந்திருக்கிறது. அன்று அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

இந்தத் துரைக்குத்தான் மறுமதிப்பீடு வந்தது.

"உள்ளத உள்ளபடி காட்டினா என்னம்மா?" என்று கேட்டார் மாஸ்டர். "தம்பி இப்ப எவ்வளவோ தேவலையே."

"அதத்தான் மாஸ்டர் காட்டக் கூடாது. தேவலைன்னு தெரிஞ்சா ஒங்கள நிறுத்திடுவாங்க. அப்புறம் நான் கடைய விட்டுட்டு வீட்ல உக்காரணும். பேசாம நாளைக்கு ஒரு நாள் வராதீங்க."

மாஸ்டர் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பி வீட்டைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஜன்னலோர நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில் போட்டுப் பூட்டினாள். நீல டம்ளரை அலமாரியில் துணிக்கு அடியில் செருகினாள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அன்று லீவு போட்டிருந்தார். கையைப் பிசைந்துகொண்டு பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, இதெல்லாம் தேவையா?"

"தேவையில்லன்னா நீங்க வேலைய விட்டுட்டு அவன்கூட உக்காருங்க."

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் அவன் துடித்தால் அடுத்த சில வருஷம் நிம்மதி என்று கணக்குப் போட்டாள்.

துரை நாற்காலி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான். சமையலறைக்குப் போய்த் திரும்பினான். பிறகு, அம்மா கிளம்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, நேராகக் கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சாயங்காலம்?" என்றான்.

இது அவள் திட்டத்தில் இல்லாதது. பதில் சொல்லவே வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் கார் தெருமுனையில் திரும்பியது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சாயங்காலம்?"

பதில் இல்லை. அவன் இன்னொரு தரம் கேட்டான், சத்தமாக. காரிலிருந்து இறங்கியது அந்தத் தடித்த கண்ணாடி அம்மாள். கண்ணாடி இன்னும் இடது பக்கம் இறங்கித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டி முழக்க எனக்கு மனசில்லை. கேட்டில் தலையை மோதிக்கொண்டான். தன் கையைத் தானே கடித்துக்கொண்டான். பிடிக்கப் போன அப்பாவின் உதடு கிழிந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்தபோது கையை வீசினான், அதிகாரியம்மாவின் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரோரம் விழுந்தது. முன்பெல்லாம் வருகிறவர்கள் இந்த இடத்தில் பதறி எழுந்துவிடுவார்கள். இந்த அம்மாள் எழவில்லை. கொடுத்த டீயையும் தொடவில்லை. வெறுங்கண்ணால் அவன் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா பழக்கதோஷத்தில் கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, இடது காம்பை விரலாலேயே வளைத்து நிமிர்த்தி அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். கடையில் கேட்கிற மாதிரியே, "இப்ப நல்லாத் தெரியுதா மேடம்?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரியுதும்மா."

பிறகு கேள்விகள். அந்தக் குரல் அவ்வளவு மென்மை.

"இது அடிக்கடி நடக்குமா?"

"தினமும் மேடம்."

"ஒங்களால தடுக்க முடியுதா?"

"எங்க முடியுது? ரெண்டு பேரா பிடிச்சாலும் திமிறிடறான்."

"ராத்திரி?"

"தூங்கவே மாட்டான்."

பக்கத்து அறையில் துரை தூங்கிப்போயிருந்தான், அழுத களைப்பில். அந்த அம்மாள் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். கணவரின் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒங்களுக்கு வயசு என்ன ஆகுது சார்?" என்று கேட்டார். அவர் சொன்னார். "ரெண்டு பேருக்கும் ரொம்பக் கஷ்டம்தான்," என்றார் அந்த அம்மாள். அதை அவர் மனதாரத்தான் சொன்னார், அதுதான் பயம். விஷமம் பிடித்தவராக இருந்திருந்தால் எங்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

கார் போன பிறகு டம்ளரை எடுத்துக் கழுவிப் பால் ஊற்றி வைத்தாள். எழுந்த துரை அதைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் முழுவதும் அவள் எதிரிலேயே இருந்தும், அவன் கேட்டருகே போய் நின்றுகொண்டு அவள் வருவதற்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கடைக்குப் போன் வந்தது. "உச்ச நிலை ஆதரவு கெடைச்சிருக்கும்மா," என்றது ஆபீஸ் குரல். வக்கீலம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில் இதுவரை யாருக்கும் உச்ச நிலை கிடைத்ததில்லை. முதலாளி, கண்சோதனைக்கு வந்தவர்கள், தெருவில் போனவர் என்று ஒருவர் விடாமல் சொன்னாள். ராத்திரிக்கும் சேர்த்து உதவியாள் வரப்போகிறார், இனி நாமும் கொஞ்சம் மனுஷராய் இருக்கலாம் என்று கணவரிடம் கண்கலங்கச் சொன்னாள்.

மறுநாள் மாஸ்டர் வந்து வாசலிலேயே நின்றார்.

"என்ன மாஸ்டர், உள்ள வாங்க."

"இந்த மாசத்தோட போதும்னு சொல்லிட்டாங்கம்மா. இந்த வீட்டுக்கு இனிமே ஆள் தேவப்படாதாம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. உச்ச நிலை என்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை, பிள்ளையையே இல்லத்துக்குக் கொண்டுபோவது. மஞ்சள் கட்டடமும் உயரமான கேட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன. கட்டிய இல்லத்துக்கு ஆள் வேண்டாமா?

அப்படியே ஆபீசுக்கு ஓடினாள். அதிகாரியம்மா நாற்காலி காட்டினார். கண்ணாடி இப்போது மூக்கில் நேராக உட்கார்ந்திருந்தது.

"மேடம், அன்னிக்கு நீங்க பாத்தது நெஜமில்ல. அவன் அப்படிப்பட்டவன் இல்ல. டம்ளர நான்தான் ஒளிச்சு வெச்சேன். நாற்காலிய நான்தான் எடுத்தேன். அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட்டதும் நான்தான்."

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். "அப்படின்னா, புள்ளைய வேணும்னே துன்புறுத்தினேன்னு சொல்றீங்களா? அத நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதும்மா. அப்புறம் அவரப் பாக்க வர்றதுக்குக்கூட ஒங்களுக்கு அனுமதி கெடைக்காது."

வக்கீலம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"நான் எதுவும் கேக்கல, நீங்களும் எதுவும் சொல்லலன்னு வெச்சுக்குவோம்," என்றார் அவர். "மேல்முறையீடு செய்யலாம். முடிவு வர்ற வரைக்கும் அவர் அங்கதான் இருக்கணும். வீட்ல ஆபத்துன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். ஆளும் வேண்டாம், ஆதரவும் வேண்டாம். நான் கடைய விட்டுடறேன். நாங்க... நாங்க சமாளிச்சுக்குவோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதிகாரியம்மாவின் முகத்தில் கேலி இல்லை. பாவமாகத்தான் பார்த்தார்.

"இப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்லிக் குடுத்தவங்களே நீங்கதானேம்மா."

வீடு திரும்பும் வழியிலேயே இரட்டையர் அம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கும் மதிப்பீடு. "சொன்னத எல்லாம் மறந்துடு. வீட்டத் தொடைச்சு வை. புள்ளைங்களுக்குப் புதுச்சட்ட போட்டு விடு," என்றாள் மூச்சிரைக்க.

"ஏங்க்கா," என்றாள் அவள் அந்தப் பக்கத்திலிருந்து, "உச்ச நிலை ஒங்களுக்கு மட்டும் கெடைச்சாப் போதுமா?" போனை வைத்துவிட்டாள்.

வேன் ஒரு காலையில் வந்தது. வெள்ளை வேன், கூட இரண்டு ஆட்கள், அதிகாரியம்மா. கணவர் திண்டாடிப்போய் டிப்போவுக்குப் போவதா வேண்டாமா என்று தெரியாமல் யூனிபாரத்தோடு நின்றார். மாஸ்டர், கூப்பிடாமலே வந்திருந்தார். வக்கீலம்மா வீட்டைத் துடைத்து வைத்திருந்தாள். ஜன்னலோரத்தில் நாற்காலி இருந்தது. துரைக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டிருந்தாள். அவள் பாடத்தில் எதையெல்லாம் செய்யாதே என்றாளோ அத்தனையும் செய்திருந்தாள்.

துரையும் அவளைக் கைவிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நீல டம்ளரில் பால் குடித்தான். சிந்தவில்லை. டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்தான். மாஸ்டர் சொன்னதும் வந்தவர்களைப் பார்த்துக் கையைக் கூப்பினான். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நல்ல நாள் வந்ததில்லை.

"பாருங்க மேடம்," என்றாள் அவள். "இவனையா கூட்டிட்டுப் போறீங்க? கண்ணால பாருங்க."

"பாக்கறேம்மா. சில நாள் நல்லாத்தான் இருப்பாங்க," என்றார் அதிகாரியம்மா, அவள் தோளைத் தொட்டு. "அத வெச்சு ஏமாந்துடக் கூடாது."

ஆட்கள் துரையின் பையைத் தூக்கினார்கள். டம்ளரை அதில் வைத்தது கணவர். கேட் வரைக்கும் துரை நன்றாகத்தான் நடந்தான். கேட்டுக்கு வந்ததும் நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டான்.

துரை அவர்களைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்தான்.

"சாயங்காலம்?" என்றான்.

அவள் பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அன்று நடந்தது நடக்கும். இந்த ஆட்கள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். வேனுக்குள் கைகாலைக் கட்டுகிற பட்டைகள் தொங்குவதையும் அவள் பார்த்துவிட்டிருந்தாள். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாயங்காலம்," என்றாள்.

அவன் உடனே கையை எடுத்துவிட்டான். வேனில் ஏறி, ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தினார்கள். "பாத்தீங்களா, எவ்வளவு அமைதியாப் போறாரு," என்றார் அதிகாரியம்மா, நிஜமான சந்தோஷத்தோடு.

வேன் தெருமுனையில் திரும்பியது. சாயங்காலம் ஆனதும் அவன் அங்கே கேட்டுக்குப் போவான், கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பான் என்று வக்கீலம்மா நினைத்தாள். பிறகுதான் நினைவுக்கு வந்தது, அந்தக் கேட்டில் கம்பி கிடையாது, முழுத் தகடு. வெளியே எதுவும் தெரியாத மாதிரி இருந்தால்தான் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தவளும் அவள்தான்.